கூட்டவா கழிக்கவா மிஸ்?

கேள்வி (வாடிப்பட்டியிலிருந்து ஒரு அப்பா)

என் மகள் நாலாவது படிக்கிறாள். நாலு இலக்கக் கூட்டல், கடன் வாங்கிக் கழித்தல் எல்லாம் பிசகாமல் போடுகிறாள். வாழ்க்கைக் கணக்கு என்று வந்தால் மட்டும் எண்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு "கூட்டவா கழிக்கவா" என்று என் முகத்தைப் பார்க்கிறாள். மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, தலா என்றால் பெருக்கு என்று ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒரு வாரம் நன்றாகப் போனது. இப்போது முன்பைவிட மோசம். கணக்கு மூளை இல்லை என்று விட்டுவிட வேண்டியதுதானா?

ஜூன் 14, காலை

முதலில் அந்த அட்டவணையைக் கிழியுங்கள் சார், மூளையைப் பற்றி அப்புறம் பேசலாம். நானும் அதே அட்டவணையை எழுதி ஒட்டியவள்தான், அதுவும் கலர் சார்ட்டில், ஓரத்தில் பூ வரைந்து. 2022 தொடக்கத்தில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, மதுரை ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் 5 மணிக்குப் பிள்ளைகளை உட்கார வைத்தேன், அது இன்றுவரை டியூஷனாக ஓடிக்கொண்டிருக்கிறது. சார்ட் ஒட்டிய வாரம் எல்லோரும் சரியாகப் போட்டார்கள். எனக்கு ஒரே பெருமை. அடுத்த வாரம் இந்தக் கணக்கு வந்தது: "ஒரு கூடையில் மொத்தம் 45 கொய்யாப்பழங்கள் இருந்தன. அவற்றில் 18 விற்றுப்போயின. கூடையில் எத்தனை உள்ளன?" ஒன்பது பேரில் ஆறு பேர் 63. விற்கவிற்கக் கூடுகிற கூடை. கேட்டால், "மொத்தம்னு போட்டிருக்குல்ல மிஸ், நீங்கதான சொன்னீங்க."

முதல் வாரம் சரியாக வந்ததற்குக் காரணம் சார்ட் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த வாரம் நடந்த பாடம் கூட்டல். கூட்டல் பாடத்துக்குப் பின்னால் வரும் பத்துக் கணக்கும் கூட்டல் கணக்குத்தான். கணக்கை வாசிக்கவே வேண்டாம், பாடத்தின் தலைப்பைப் பார்த்தால் போதும். உங்கள் மகளுக்கு மூளை இருக்கிறது, வாசிக்காமலே விடை வரும் வழியை அது கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

ஜூன் 14, இரவு

கிழிக்கும்போது பெயின்ட் உரிந்தால் நான் பொறுப்பில்லை. எங்கள் வீட்டில் உரிந்தது. அந்த இடத்தில் இப்போது காலண்டர் தொங்குகிறது.

ஜூன் 17

கணக்கில் வரும் தமிழைப் பற்றியும் எழுத வேண்டும்.

நம் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழில் "எனில்" கிடையாது. "தலா" கிடையாது. "வீதம்" எப்போதாவது வட்டிப் பேச்சில் வரும். "5 பேருக்குத் தலா 3 லட்டு எனில்" என்று ஆரம்பித்தவுடனே பாதிப் பிள்ளைகளுக்குக் கதவு சாத்திவிடும். மூன்றாவது படிக்கும் ஒரு பையன் என்னிடம் நிஜமாகவே கேட்டான்: "தல யாரு மிஸ், தோனியா?" அவன் கணக்குப்படி ஐந்து பேர் இருக்கிறார்கள், கூட தல இருக்கிறார், தலைக்கு மூன்று லட்டு, மற்ற ஐந்து பேருக்கு எத்தனை என்று கணக்கில் போடவில்லை, ஆகவே கணக்குத் தப்பு. யோசித்துப் பார்த்தால் அவன் மற்ற எல்லோரையும்விட ஒழுங்காக வாசித்திருக்கிறான். மற்றவர்கள் ஐந்தையும் மூன்றையும் பார்த்தவுடனே 8 என்று எழுதிவிட்டுப் பென்சில் சீவப் போய்விட்டார்கள்.

இதைவிடக் கஷ்டம் இந்த "விட". ஒரு கணக்கு: "கண்ணனிடம் 12 கோலிகள் உள்ளன. இது முத்துவிடம் உள்ளதைவிட 4 அதிகம். முத்துவிடம் எத்தனை கோலிகள் உள்ளன?" முத்துவிடம் ஒரு விட, உள்ளதைவிட இன்னொரு விட. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒருவன் "முத்து 4 கோலியை விட்டுட்டான்" என்றே கதை சொன்னான். விட்டவன் தோற்றவன், ஆக முத்துவுக்குக் குறைச்சல், 12இல் 4 போனால் 8. விடை சரி, வழிதான் வேறு ஊருக்குப் போகிற வழி. நான் டிக் போட்டேன், பிறகு அடித்தேன், பிறகு மறுபடி டிக் போட்டேன்.

இப்போது நான் செய்வது இதுதான். "விட" வருகிற கணக்கில் எண்ணைத் தொடுவதற்கு முன்னால் ஒரே கேள்வி: யாருகிட்ட அதிகம்? அதற்குச் சரியாகப் பதில் வராதவரை நோட்டைத் திறக்கவே விடுவதில்லை.

ஜூன் 18

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எல்லாப் பழியையும் பாடநூல் தமிழ் மேல் போட்டுவிட்டேன், அது நியாயமில்லை. என் டியூஷனில் மூன்று பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம். அவர்களுக்கு "ஹவ் மெனி மோர்" என்று வந்தால் "மோர்" என்பதைப் பார்த்தவுடன் கூட்டிவிடுகிறார்கள். கண்ணனும் முத்துவும் போய் ராஜுவும் ரீட்டாவும் வந்தாலும் 12ஐயும் 4ஐயும் கூட்டி 16தான். மொழி ஒரு காரணம். வாசிக்காமல் பாய்வது இன்னொரு காரணம், இரண்டாவதுதான் பெரியது என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம், அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். அது 2022இல் மூன்றாம் வகுப்புவரை தொடங்கி, அடுத்த ஆண்டு ஐந்துவரை வந்தது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல வரவில்லை. ஆனால் மலரில் இருக்கும் பிள்ளையும் "தலா"வில் தடுக்கி விழுகிறது.

ஜூன் 22

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

ஐந்தாவது படிக்கும் ஒரு பிள்ளை வருகிறாள். அம்மா பூக்கட்டி விற்பவர். விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வாங்கி வந்து கட்டுவார்கள், லீவு நாளில் இவளும் கூடப் போவாள். எங்கள் பக்கத்து வீட்டம்மா மாடி ஏறி வந்து, "ஏத்தா, மல்லி இன்னைக்கு என்ன வெல" என்று கேட்டார். "நூறு கிராம் எம்பது ரூவா அத்தை." "முக்கா கிலோ வேணும்டி, விசேஷத்துக்கு." இவள் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தவே இல்லை. "கிலோ எண்ணூறு, அரைக்கு நானூறு, காலுக்கு எரநூறு, அறநூறு ரூவா. அம்மாட்ட சொல்லவா?"

எனக்குக் கை பரபரவென்றது. அதே கணக்கைப் பலகையில் எழுதினேன்: "ஒரு கிலோ பூவின் விலை ரூ.800 எனில் 750 கிராம் பூவின் விலை என்ன?" கால் மணி நேரம் குனிந்து உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு 800ஐயும் 750ஐயும் பெருக்கினாள். ஆறு லட்சம். பூஜ்யங்கள் எல்லாம் ஒழுங்காக ஒன்றன்கீழ் ஒன்று இருந்தன, அடிக்கோடுகூட ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தாள்.

"ஏண்டி, ஆறு லட்சத்துக்கா பூ வாங்குவாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "கல்யாண வீடா இருக்கும் மிஸ்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுக்கு இது பூ விலைதான் என்று தோன்றவே இல்லை. பலகையில் இருந்தது பள்ளிக்கூடத்துப் பூ. அதற்கு மணமும் கிடையாது, விலையும் கிடையாது.

இது மதுரைக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. பிரேசிலில் ரெசிஃபி நகரத் தெருக்களில் விற்கும் ஐந்து பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 1985இல் வெளிவந்தது. ஒரு பையனிடம், ஒன்று 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று ஏறிக்கொண்டே போய் 350இல் நிறுத்தியிருக்கிறான். பத்தால் பெருக்கப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டால் போதும் என்ற பள்ளிக்கூட வழியைத் தொடவே இல்லை. தெருவில் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்ன அந்தப் பிள்ளைகளிடம் அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ எல்லாம் சேர்ந்து டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் செய்த ஆய்வு 2025இல் வந்தது, அதிலும் இதே கதைதான்.

ஜூன் 23

அப்படியென்றால் பிள்ளைகளைச் சந்தைக்கு அனுப்பிவிடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். அந்த டெல்லி, கொல்கத்தா ஆய்விலேயே மறுபக்கமும் இருக்கிறது: பள்ளிக்கூடம் மட்டும் போகிற பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். அங்கே இருப்பது இங்கே தானாக வராது, இங்கே இருப்பது அங்கே தானாகப் போகாது. நடுவில் யாராவது உட்கார்ந்து இரண்டையும் கோர்க்க வேண்டும்.

இன்று அந்தப் பூக்கார அம்மாவின் பிள்ளை நேற்று வாயால் சொன்னதை அப்படியே நோட்டில் எழுத வைத்தேன். கிலோ 800, அரை 400, கால் 200, இரண்டும் சேர்த்து 600. எழுதிவிட்டு, "இது கணக்கா மிஸ்? இது சும்மா சொல்றதுல்ல" என்றாள். அவளைப் பொறுத்தவரை கணக்கு என்றால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கோடு போடுவது.

ஜூன் 26

சம்பந்தமில்லாத ஒன்று. பலாப்பழ சீசன். எங்கள் தாத்தா, பழத்தை வெட்டாமலே சுளை எண்ணுவேன் என்பார். காம்பைச் சுற்றியுள்ள சின்ன முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும், கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் உள்ள வழி. பிள்ளைகளோடு ஒரு பழத்தை வைத்து எண்ணினோம். எங்கே காம்பு முடிகிறது எங்கே முள் ஆரம்பிக்கிறது என்பதிலேயே இரண்டு கட்சி. ஒரு வழியாக 75 என்று முடிவாகி, 90 சுளை என்று பலகையில் எழுதிவிட்டு வெட்டினால் 61. "கணக்கு தப்பா, பழம் தப்பா" என்று பட்டிமன்றம் நடந்தது. வெட்டும்போதே இரண்டு பேர் தின்றுவிட்டார்கள், அதைச் சேர்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

விளையாட்டுத்தான், ஆனால் போட்ட விடையை நிஜத்தோடு வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே அன்றுதான் பல பேருக்கு வந்தது.

ஜூன் 29

சரி, என்னதான் செய்கிறீர்கள் என்று வாடிப்பட்டி சார் மறுபடியும் கேட்கிறார். செய்வதைச் சொல்கிறேன்.

ஸ்டிக்கர் பொட்டு. புத்தகத்தில் கணக்கில் உள்ள எண்கள் மேல் பொட்டு ஒட்டிவிடுவேன். கடைசிக் கேள்வியைக் கையால் மறைத்துக்கொள்வேன். இப்போது வாசி. "ஒரு பேருந்தில் பொட்டு பயணிகள் இருந்தனர். கோரிப்பாளையத்தில் பொட்டு பேர் இறங்கினர். சிம்மக்கல்லில் பொட்டு பேர் ஏறினர்." வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, உங்க அம்மாவிடம் சொல்வது மாதிரி எனக்குச் சொல் என்பேன். "பஸ்ல கொஞ்சப் பேரு இருந்தாங்க. கோரிப்பாளையத்துல கொஞ்சப் பேரு எறங்குனாங்க. சிம்மக்கல்ல கொஞ்சப் பேரு ஏறுனாங்க." இப்ப பஸ்ல கூட்டம் கூடுச்சா கொறஞ்சுச்சா? முதல் நாள் எல்லோரும் முழித்தார்கள். இரண்டாம் நாள் ஒரு பொடியன், "எப்படிச் சொல்றது மிஸ், ஏறுனது அதிகமா எறங்குனது அதிகமான்னு தெரியணும்ல" என்றான். அவனைத் தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது. பிறகு ஒவ்வொரு பொட்டாக உரித்தோம். 38, 11, 15. பென்சிலை எடுப்பதற்கு முன்னாலேயே "நாலு பேரு கூட" என்று குரல் வந்தது. 42.

கேள்வியையும் கடைசிவரை காட்டக்கூடாது. இந்தக் கதையை வைத்து என்னவெல்லாம் கேட்கலாம் என்று அவர்களையே கேட்க விடுங்கள். பாதிக் கேள்வி உருப்படியாக இருக்காது. "கண்டக்டர் பேரு என்ன" கட்டாயம் வரும். பரவாயில்லை.

இரண்டாவது, படம். இதில் நான் முதலில் ஏமாந்தேன். படம் வரை என்று சொன்னால் நிஜமாகவே படம் வரைகிறார்கள். 12 கோலிக்கும் உள்ளே பூ, கண்ணனுக்கு மீசை, முக்கால் மணி நேரம் போய்விட்டது. அதனால் பட்டை மட்டும்தான். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980களிலிருந்து இப்படித்தான் சொல்லித்தருகிறார்கள், ஓர் அளவுக்கு ஒரு செவ்வகம். மாடித் தரையில் சாக்பீஸால் கண்ணனுக்கு ஒரு நீளப் பட்டை, அதற்குக் கீழே முத்துவுக்குக் குட்டையாக ஒரு பட்டை. நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில் 4 என்று எழுதச் சொல்வேன். பட்டையைத் தப்பாக வரைந்தால் விடை தப்பாவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும், எனக்கு அதுதான் இதில் பிடித்தது.

ஜூலை 1

வாடிப்பட்டி வீட்டில் பொட்டு ஒட்டிய முதல் நாளே மகள் அழுதுவிட்டாளாம். "எண்ணை மறைச்சா எப்படிப்பா கணக்குப் போடுறது?" தப்பு என் மேல். வீட்டுப்பாடத்தில் இதைச் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு நோட்டு வைக்க வேண்டும் என்ற பயத்தில் இருக்கும் பிள்ளையிடம் கதை கேட்டால் அழத்தான் செய்யும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கணக்கு, அதுவும் சாப்பிட்ட பிறகு. வீட்டுப்பாடத்தை அது பாட்டுக்கு முடிக்க விடுங்கள்.

ஜூலை 3

ஒரு சோதனை செய்து பார்த்தேன். மேலூர்ச் சந்தைக்குப் போகிற ஒரு வண்டியில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, டிரைவருக்கு என்ன வயசு? ஒன்பது பேரில் ஏழு பேர் 36 என்றார்கள். ஒருத்தன் மட்டும் கழித்து 16 எடுத்து, உடனே அழித்து 36 ஆக்கினான். ஏண்டா? "பதினாறு வயசுல லைசென்ஸ் தரமாட்டாங்க மிஸ்." என்ன சொல்வது! யோசிக்கிறான், நன்றாகவே யோசிக்கிறான், ஆனால் "இந்தக் கணக்கே செல்லாது" என்று சொல்ல மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

கேள்வி என் சொந்தச் சரக்கு இல்லை. பிரான்சில் கிரனோபிள் நகரத்தில் 1979 வாக்கில், இதே 26 செம்மறியையும் 10 வெள்ளாட்டையும் கப்பலில் ஏற்றி, கேப்டனின் வயசு என்ன என்று 97 சின்னப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். 76 பேர் எண்களைக் கூட்டியோ கழித்தோ ஒரு வயசைச் சொல்லிவிட்டார்கள்.

பரீட்சையில் இப்படி வராதே என்பீர்கள். வராது. ஆனால் வாரத்துக்கு ஒன்று இப்படி நடுவில் சொருகி வைத்தால், மற்ற கணக்குகளையும் சந்தேகத்தோடு வாசிக்க ஆரம்பிக்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் "இது செல்லாத கணக்கு மிஸ்" என்று தப்பிக்கப் பார்க்கும் கூட்டமும் உருவாகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 7

நான் செய்த ஒரு தப்பு. "ஒரு ஷேர் ஆட்டோவில் 6 பேர் போகலாம். 32 பேர் திருப்பரங்குன்றம் போக எத்தனை ஆட்டோ வேண்டும்?" 32ஐ 6ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 2. அந்த இரண்டு பேரை நடுரோட்டில் விட முடியாதே, ஆகவே 6 ஆட்டோ, இதுதான் நான் எதிர்பார்த்தது. ஒரு பெண் 5 என்று எழுதியிருந்தாள். மீதியை மறந்துவிட்டாய் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிப் பெரிதாகச் சுழித்துவிட்டேன். வீட்டுக்குப் போகும்போது படியில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "மறக்கல மிஸ். ரெண்டு பேரு டிரைவரு பக்கத்துல ஆளுக்கொரு ஓரமா உக்காருவாங்க."

மதுரையில் ஷேர் ஆட்டோ ஏறிய யாராவது அவள் சொன்னதைத் தப்பு என்று சொல்லுங்கள் பார்ப்போம். அமெரிக்காவில் 1980களில் ஒரு தேசியத் தேர்வில் இதே மாதிரிக் கேள்வி: ஒரு ராணுவப் பேருந்தில் 36 பேர், 1128 வீரர்களுக்கு எத்தனை பேருந்து? 13 வயசுப் பிள்ளைகளில் நிறையப் பேர் "31, மீதி 12" என்று எழுதினார்கள். மீதிப் பன்னிரண்டு பேர் எதில் போவார்களாம்? அவர்களோடு ஒப்பிட்டால் என் பிள்ளை மீதியை ஆட்டோவில் உட்காரவே வைத்துவிட்டாள். மறுநாள் சுழித்ததை அடித்துவிட்டு, "விடை 5, டிரைவர் பக்கத்தில் இருவர், சட்டப்படி 6" என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 15

தலைகீழாகவும் செய்து பாருங்கள். கணக்கை நீங்கள் கொடுங்கள், கதையை அவர்கள் எழுதட்டும். 52 − 27 கொடுத்தேன். பெரும்பாலும் தின்பதும் தொலைப்பதும்தான். ஒருவன் எழுதியது: "எங்க ஆச்சிகிட்ட 52 கிடா இருந்துச்சு. கோயிலுக்கு 27 வெட்டுனோம்." இருபத்தேழு கிடாவாடா? "சொந்தக்காரங்க நெறையா மிஸ்."

ஒரே ஒரு பிள்ளை, "எங்க அப்பாவுக்கு 52 வயசு, அண்ணனுக்கு 27, அப்பா எத்தனை வயசு பெரியவர்" என்று எழுதினாள். யாரும் எதையும் தின்னவில்லை, தொலைக்கவில்லை, ஆனாலும் கழித்தல். இது தானாக வர மாசக்கணக்கில் ஆகும் என்று நினைத்திருந்தேன்.

6 × 8 கொடுத்தபோது பிள்ளைகள் எழுதியதெல்லாம் "6 ஆடும் 8 ஆடும்". பெருக்கலுக்குக் கதையே வரவில்லை. வாய்ப்பாடு 16வரை ஒப்பிக்கிறவர்கள். இதற்கு என்ன வழி என்று யாராவது எழுதுங்கள், என்னிடம் இல்லை. சைக்கிள் சக்கரம், முட்டை அட்டை, பூச்சரத்தில் கண்ணி என்று காட்டிப் பார்க்கிறேன், பாதி ஏறுகிறது.

ஜூலை 19

பொட்டு அட்டை தீர்ந்துபோனது. வீட்டுக்காரர் கேட்கிறார், மாசத்துக்கு நாலு அட்டை யாருக்கு என்று.

பூக்கார அம்மாவின் பிள்ளைக்கு இன்று பழைய கணக்கையே, விலையை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். மல்லி கிலோ ரூ.600 எனில் 750 கிராம் எவ்வளவு. பெருக்கவில்லை. அரைக்கு 300, காலுக்கு 150, சேர்த்து 450 என்று எழுதி, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டாள். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், எனக்குத்தான் என்று தெரிகிற மாதிரி: "கல்யாண வீடு இல்லை."